கேட்பதற்காகப் போன தீவு

எங்கள் வீட்டில் ஞாயிற்றுக்கிழமை மாலை நான்கு மணிக்கு அத்தை இருமுவார். சளி ஒன்றும் கிடையாது. இருமிவிட்டு, ஆணியில் தொங்கும் மாமாவின் சட்டையை எடுத்து அவரிடம் நீட்டுவார். நாத்தனார் சார்ஜரிலிருந்து போனைப் பிடுங்கிக்கொண்டு எழுந்துவிடுவாள். மாட்டுங்காவில் கோயிலுக்குப் போவதாகச் சொல்லிவிட்டு மூன்று பேரும் கிளம்புவார்கள். ஆறு மணிக்குத் திரும்பும்போது அத்தை சந்து முனையிலேயே யாரையாவது நிறுத்திவைத்து உரக்கப் பேசுவார். எங்களுக்குக் கேட்கட்டும் என்றுதான்.

தாராவியில் பத்துக்குப் பன்னிரண்டு அடி ஒற்றையறைக் கோலியில் நாங்கள் ஐந்து பேர் இருந்தோம். நான் கல்யாணமாகி வந்த இரண்டாவது வாரமே அந்த இருமல் தொடங்கிவிட்டது. யாரும் யாரிடமும் எதுவும் சொன்னதில்லை. மற்ற ஆறு நாட்களும் நானும் என் கணவரும் ஏணி ஏறி, கூரைக்கும் பலகைக்கும் நடுவிலுள்ள மாளாவில் படுத்துக்கொள்வோம். அங்கே உட்கார்ந்தால் தலை இடிக்கும். பேசினால் கீழே கேட்கும். எனவே கிசுகிசுப்போம். இரண்டு வருடம் அப்படித்தான் குடும்பம் நடந்தது.

எங்கள் குடும்பத்தில் முதன்முதலாகப் பள்ளிக்கூடம் போனவள் நான். அம்மாவும் அப்பாவும் கைநாட்டு. மாநகராட்சித் தமிழ்ப் பள்ளியில் படித்து, மாட்டுங்காவில் கல்லூரிக்குப் போய், பி.காம். முடித்து, செம்பூரில் ஒரு கட்டுமான அலுவலகத்தில் உட்கார்ந்தவள். சந்தில் யாருக்கு எந்தப் படிவம் வந்தாலும் என்னிடம்தான் வரும். அதில் எனக்குக் கர்வம் உண்டு, மறைக்கவில்லை. அலுவலகத்தில் என் வேலை வீடு வாங்குகிறவர்களின் ஒப்பந்தங்களைச் சரிபார்ப்பது. ஒவ்வொன்றின் பின்னாலும் வீட்டின் வரைபடம் இருக்கும். அதில் கதவை ஒரு கால்வட்டமாக வரைவார்கள், எந்தப் பக்கம் திறக்கும் என்று காட்டுவதற்காக. படுக்கையறையின் அந்தக் கால்வட்டத்தை நான் தேவைக்கு அதிகமான நேரம் பார்த்துக்கொண்டிருப்பேன்.

டோம்பிவிலியில் வாடகைக்கு ஒரு வீடு இருக்கிறது என்று கூட வேலை செய்யும் பெண் ஒருத்தி சொன்னாள். போய்ப் பார்த்தேன். ஒரு கூடம், ஒரு சமையலறை, கதவு வைத்த ஒரு அறை. வீட்டுச் சொந்தக்காரர் மாத முடிவுக்குள் பதில் சொல்லச் சொன்னார். எனக்கு அப்போதே பிடித்துவிட்டது. என் கணவரிடம் கேட்க வேண்டியதுதான் பாக்கி.

ஆனால் எங்கே வைத்துக் கேட்பது? மாளாவில் கேட்டால் கீழே அத்தை காதில் விழும். ரோட்டில் நடக்கலாம் என்றால் அவருக்குப் பத்தடிக்கு ஒரு சிநேகிதர். அவர் ஏசி மெக்கானிக், தாராவியிலும் மாட்டுங்காவிலும் அவர் கை படாத பெட்டி குறைவு. போனில் எழுதலாம் என்றால் அவருடைய போன் வீட்டுக்கே பொது. மீதம் இருந்தது ஞாயிறு நான்கிலிருந்து ஆறு. அதிலும் இரண்டு முறை வாயைத் திறந்தேன். எங்களுக்காக மூட்டு வலியோடு கோயில் படியில் போய் உட்கார்ந்திருக்கிற பெண்மணியை விட்டுத் தனியே போய்விடலாம் என்று அந்த நேரத்தில் கேட்க எனக்கு வரவில்லை.

அப்போதுதான் அந்தமான் பயணம் கண்ணில் பட்டது. ஐந்து இரவு, இரண்டு தீவு, இரண்டு ஹோட்டல், கடற்கரையை ஒட்டிய குடில்கள். ஜோடிகளுக்கான நிதானமான விடுமுறை என்று போட்டிருந்தது. அலுவலகத்தில் எல்லோரும் எங்காவது போய்விட்டு வந்து படம் காட்டுகிறார்கள், நாமும் போவோம் என்று அவரிடம் சொன்னேன்.

"கடல் இங்கயே கெடக்கேளா" என்றார்.

"அங்க கூட்டம் இருக்காதுங்க."

"கூட்டம் இல்லாம என்னத்தப் பாக்க?"

சிரித்துக்கொண்டேதான் சொன்னார். நானும் சிரித்துவிட்டு லீவு எழுதிக் கொடுத்தேன். எந்த மணிக்கு எங்கே என்று ஒரு தாளில் எழுதிக்கொண்டேன். இரண்டாம் நாள், மாலை ஆறு முப்பது, சூரிய அஸ்தமனம். அதற்கு எதிரே ஒரு புள்ளி மட்டும் வைத்தேன். அப்போது கேட்டுவிடுவது என்று முடிவு.

விமான நிலையத்தில் கவுண்டர்காரர் கேட்டதற்கு அவர் இந்தியில் ஏதோ சொல்லத் தொடங்கினார். நான் நடுவில் புகுந்து ஆங்கிலத்தில் சொன்னேன். சென்னையில் விமானம் மாறும்போதும் அப்படித்தான். தீவுக்குப் போகும் படகில் ஏறும்போது, அவரே சீட்டுகளை என்னிடம் கொடுத்துவிட்டுப் பின்னால் போய் நின்றுகொண்டார். எனக்குப் பெருமையாக இருந்தது. அவர் பின்னால் போனதைப் பார்த்தேன், ஆனால் யோசிக்கவில்லை.

முதல் ஹோட்டலில் கட்டில் முழுக்க ரோஜா இதழ்களைப் பரப்பியிருந்தார்கள். துண்டுகளை மடித்து இரண்டு அன்னங்கள். அவர் பையிலிருந்து ஒரு பிளாஸ்டிக் கவரை எடுத்து, இதழ்களை ஒன்று விடாமல் அள்ளி அதில் போட்டார்.

"ஏளா, இத எங்க போட?" என்று கிசுகிசுத்தார்.

"வெளிய கூடை இருக்கு பாருங்க" என்று நானும் கிசுகிசுத்தேன்.

அடுத்த குடில் ஐம்பதடி தள்ளி இருந்தது. அதில் ஆளும் இல்லை. அன்றைக்கு முழுவதும் நாங்கள் கிசுகிசுத்துக்கொண்டே இருந்தோம். இது எனக்கு உறைத்தபோது கொஞ்சம் சத்தமாக, "நல்லாருக்குல்ல?" என்றேன். அவர் திடுக்கிட்டுக் கதவைப் பார்த்தார்.

மறுநாள் ஐந்து மணிக்கு எனக்கு விழிப்பு வந்துவிட்டது. கை கால்கள் தாமாகவே நடந்தன. குளியலறையில் பக்கெட்டை நிரப்பினேன். சின்னப் பக்கெட், மக்கு, டீ போடும் கெட்டில், இரண்டு பாட்டில், ஐஸ் வைக்கும் வாளி எல்லாவற்றையும் நிரப்பி மூடியும் வைத்தேன். வேலை முடிந்து நிமிர்ந்தபோதுதான் எங்கே இருக்கிறேன் என்பது நினைவு வந்தது. அறை சுத்தம் செய்ய வந்த அம்மா தமிழ்க்காரர், ராமநாதபுரம் பக்கம். உள்ளே பார்த்துவிட்டு வெளியே வந்தார்.

"தண்ணி வராதுன்னு யாராச்சும் சொன்னாங்களாம்மா? இங்க நாள் பூரா வருமே."

அந்த அம்மா போனதும் என் கணவர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். நானும் சிரித்தேன். அந்தப் பயணத்தில் நாங்கள் இரண்டு பேர் மட்டும் இருந்து ஒன்றாகச் சிரித்தது அந்த ஒரு தடவைதான் என்று இப்போது தோன்றுகிறது.

ஒன்பது மணிக்கு அவர் வரவேற்பறையில் போய் நின்று வீட்டுக்கு வீடியோ கால் போட்டார். அங்கேதான் வைஃபை எடுக்கும். படம் வருவதற்கு முன்னால் அத்தையின் இருமல் வந்தது. பிறகு அத்தை, மாமா, நாத்தனார், பக்கத்துக் கோலி அக்கா, அவர்களுக்குப் பின்னால் யார் யாரோ.

"எடேய், கடலக் காட்டு" என்றார் மாமா.

"கடல் கெடக்கட்டும், கட்டிலக் காட்டச் சொல்லுங்க" என்றார் பக்கத்துக் கோலி அக்கா. அங்கே பெரிய சிரிப்பு.

அவர் பக்கெட் கதையைச் சொன்னார். என்னைப் போல நடந்து காட்டி, கெட்டிலில் தண்ணீர் பிடிப்பதைப் போல நடித்துக் காட்டினார். அவ்வளவு நன்றாகச் சொல்வார். கல்யாணத்துக்கு முன்னால் ஒரு வீட்டு விசேஷத்தில் இப்படிப் பத்துப் பேரைச் சிரிக்கவைத்துக்கொண்டிருந்தபோதுதான் நான் அவரை முதலில் பார்த்தேன்.

"பி.காம். படிச்சும் பக்கெட்டு ஆச போவலியே" என்றார் அக்கா. "எட்டி, வரும்போது ரெண்டு பக்கெட்டு கடல் தண்ணி கொண்டுவா."

நான் சிரிப்பது போல வைத்துக்கொண்டு வெளியே வந்துவிட்டேன். அவ்வளவு தூரம் பறந்து வந்தும் சந்து முழுவதும் என் குளியலறைக்குள் நின்றுகொண்டிருந்தது.

அன்று மாலை தாளில் புள்ளி வைத்த நேரம். ஆறு மணிக்குக் குளித்து, புதிய சுடிதார் போட்டுக்கொண்டு வெளியே வந்தேன். கும்மிருட்டு. அந்தப் பக்கமெல்லாம் ஐந்தரைக்குள் சூரியன் இறங்கிவிடுமாம். நான் மும்பை அஸ்தமனத்தை எழுதிவைத்திருந்தேன். நான் தப்பாக எழுதியிருப்பேன் என்பது அவருக்குத் தோன்றவே இல்லை. "மேகமா இருக்கும்" என்றார். இருட்டில் கொஞ்ச நேரம் நின்றோம். கடல் எங்கே இருக்கிறது என்பது சத்தத்தில் மட்டும் தெரிந்தது. அந்தக் கேள்விக்கு அவர் முகம் எனக்குத் தெரிய வேண்டும் என்று நினைத்தேன். கேட்கவில்லை.

மூன்றாம் நாள் காலையில் ஹோட்டல் சமையலறையின் குளிர் அறை நின்றுபோனது. மீன், கறி எல்லாம் உள்ளே. மெக்கானிக் வர வேண்டுமென்றால் பெரிய ஊரிலிருந்து படகில்தான் வர வேண்டும். சாப்பாட்டு மேசையில் இது காதில் விழுந்ததும் அவர் பாதித் தோசையோடு எழுந்துவிட்டார். "நான் பாக்கட்டா?" என்று இந்தியில் கேட்டார். இந்த முறை நான் குறுக்கே புகவில்லை, புக எனக்கு அதில் ஒன்றும் தெரியாது.

நான் கடற்கரைக்குப் போனேன். அங்கே சாய்வு நாற்காலிகள் இரண்டிரண்டாகச் சேர்த்துப் போட்டிருந்தார்கள். நடுவில் ஒரு குடை. நான் ஒன்றில் உட்கார்ந்து, இன்னொன்றில் என் துண்டை வைத்தேன். தண்ணீர் கண்ணாடி போல இருந்தது. எனக்கு வலது பக்கம் ஒரு ஜோடி, வயதானவர்கள், எதுவும் பேசாமல் படுத்திருந்தார்கள். இரண்டு மணி நேரத்தில் அந்த அம்மாள் ஒரே ஒரு முறை கையை நீட்டினார், அந்தப் பெரியவர் மூக்குக் கண்ணாடியைத் துடைத்துக் கொடுத்தார். அந்த மௌனத்தை எங்கே படித்தார்களோ என்று பார்த்துக்கொண்டிருந்தேன். ஓய்வு எடுப்பது எப்படி என்று எனக்கு யாரும் சொல்லித்தந்ததில்லை. என் அம்மா பகலில் படுத்து நான் பார்த்தது காய்ச்சல் வந்தபோது மட்டும். பதினொரு மணிக்கு எழுந்து துண்டை மடித்தேன். மறுபடி விரித்தேன்.

மாலைதான் அவர் வந்தார், சட்டையெல்லாம் கிரீஸ். குளிர் அறை ஓடுகிறது. சமையல்காரர் வங்காளி, எலக்ட்ரீஷியன் ராஞ்சிக்காரர், இரண்டு பேரும் இவருக்கு ஒரு நாளில் சொந்தமாகிவிட்டார்கள். வாசல்வரை அவர்களோடு சத்தம்போட்டுச் சிரித்துக்கொண்டு வந்தார். கதவைச் சாத்தியதும் குரல் இறங்கிவிட்டது.

"சாப்டியா?"

"ம்."

"நல்ல கம்ப்ரசர். பாவம், கவனிக்க ஆளில்ல."

பிறகு இருவரும் கட்டிலின் இரு பக்கமும் உட்கார்ந்துகொண்டு டிவியில் ஏதோ ஒரு சமையல் போட்டியைப் பார்த்தோம்.

நான்காம் நாள் இரண்டாவது தீவுக்குப் போனோம். அது சின்னது. போன் எடுக்கவில்லை. அவர் போனைத் தலைக்கு மேலே தூக்கிப் பிடித்துக்கொண்டு தென்னைகளுக்கு நடுவே அலைந்துவிட்டு வந்து வைத்துவிட்டார். எனக்கு உள்ளுக்குள் நிம்மதி. இங்கே சந்து வர முடியாது. நான்கரைக்கே அவரை மணலுக்கு அழைத்துக்கொண்டு போனேன். வெயில் மஞ்சளாக இருந்தது. அவர் முகம் நன்றாகத் தெரிந்தது.

"டோம்பிவிலில ஒரு வீடு பாத்திருக்கேன். வாடகைக்கு. நம்ம ரெண்டு பேருக்கு."

அவர் மணலில் நண்டு வளை ஒன்றை விரலால் தோண்டிக்கொண்டிருந்தார். விரல் நின்றது.

"இதுக்கா இவ்ளோ தூரம் கூட்டிட்டு வந்த?"

"அங்க எங்க வச்சுக் கேக்க?"

"அது சரிதான்" என்றார். உண்மையிலேயே ஒப்புக்கொண்டதைப் போலத்தான் சொன்னார்.

"அத்தைய விட்டுட்டு வரணுமேன்னு யோசிக்கியளா?"

"அம்மாவா? அம்மா இன்னைக்கே போங்கன்னு சொல்லுவா."

"பொறவு என்ன?"

தோண்டிய வளையை மணல் தள்ளி மூடினார். "கோவப்படாத. எனக்கு உன்கூடத் தனியா இருக்கப் பயமா இருக்கு."

நான் விளையாட்டு என்று நினைத்தேன்.

"எங்கிட்ட இருந்த பேச்சு மொத ரெண்டு நாள்லயே தீந்துட்டு. அங்கன்னா அம்மா பேசுவா, தங்கச்சி பேசுவா, அந்த அக்கா வாசல்ல வந்து நிப்பா. நடுவுல நான் ஒண்ணு சொன்னா எல்லாரும் சிரிப்பிய. நீயும் சிரிப்ப. நல்லாப் பேசுதவன்னு நெனச்சிட்டிருக்க. டோம்பிவிலில கதவச் சாத்துனா ஒரே வாரத்துல தெரிஞ்சிரும்."

"என்ன தெரியும்?"

"உள்ள ஒண்ணும் இல்லன்னு. நீ படிச்சவ. எல்லா எடத்துலயும் நீதான் பேசுத. நான் அங்க எதுக்கு?"

உடனே மறுத்திருக்க வேண்டும். யாருக்கு என்ன எழுதித்தர வேண்டும் என்றாலும் வார்த்தை தேடாதவள் நான். ஆனால் முந்தைய நாள் அந்த நாற்காலியில், நாளைக்கு இவரோடு என்ன பேசுவது என்றுதான் நான் யோசித்துக்கொண்டிருந்தேன். அவர் அதைக் கண்டுபிடித்துவிட்டதைப் போல இருந்தது. "அப்படியெல்லாம் இல்லங்க" என்று நான் சொன்னபோது அவர் எழுந்து லுங்கியிலிருந்த மணலைத் தட்டிக்கொண்டிருந்தார்.

"பாத்தியா" என்றார். குரலில் கோபமே இல்லை. கோபம் இருந்திருந்தால் எனக்கு எளிதாக இருந்திருக்கும்.

அன்றும் மறுநாளும் அவர் என்னிடம் அன்பாகத்தான் இருந்தார். இளநீர் வெட்டி வாங்கிவந்தார். என் செருப்பைத் தண்ணீரில் அலசி வெயிலில் வைத்தார். நான் மெத்தையின் ஓரத்தில் படுத்து, அலை வந்து போவதை எண்ணினேன். பக்கத்தில் அவரும் தூங்கவில்லை. இரண்டு வருடம் ஐந்து பேரின் மூச்சுக்கு நடுவில் படுத்தபோதெல்லாம் எனக்கு வராத தனிமை, எங்கள் இருவருக்கு மட்டும் என்று நான் தேடிப் பிடித்த அந்தக் குடிலில் வந்தது.

திரும்பும் நாள் படகுத்துறையில் போன் எடுத்தது. மூட்டை முடிச்சோடு நூறு பேர் வரிசையில் நின்றார்கள். டோம்பிவிலி வீட்டுச் சொந்தக்காரரின் செய்தி வந்தது, வீடு வேண்டுமா வேண்டாமா என்று. அவர் எட்டிப் பார்த்தார்.

"டோம்பிவிலிக்காரரா?"

"ஆமா. வேண்டாம்னு எழுதிரட்டா?"

"எடுத்துக்கிடுதோம்னு எழுது."

"மனசில்லாம வர வேண்டாங்க."

"மனசு அடுத்த வண்டில வரட்டும். நான் முன்னால வாரேன்." அவர் குரல் நன்றாக உயர்ந்திருந்தது. முன்னால் நின்ற தமிழ்க் குடும்பம் திரும்பிப் பார்த்துச் சிரித்தது. எனக்கும் சிரிப்பு வந்தது. கூட்டத்துக்கு நடுவில் அவர் இப்படித்தான் என்று நினைத்துக்கொண்டே, சரி என்று எழுதி அனுப்பினேன்.

டோம்பிவிலிக்கு வந்து நான்கு மாதம் ஆகிறது. அத்தைதான் பால் காய்ச்ச வந்தார். படுக்கையறைக் கதவை இரண்டு முறை சாத்தித் திறந்து பார்த்து, "கெட்டிக் கதவு" என்றார். போகும்போது என் கையை மட்டும் கொஞ்ச நேரம் பிடித்துக்கொண்டிருந்தார்.

நான் செம்பூரிலிருந்து குர்லா வந்து வண்டி மாறி, ஏழு மணிக்குள் வீட்டுக்கு வந்துவிடுவேன். அவர் வேலை முடிந்ததும் தாராவிக்குப் போய், அம்மா கையால் ஒரு டீ குடித்துவிட்டு, சயானில் வண்டி ஏறுவார். ஏறியதும் எனக்கு போன் செய்வார். முதல் மாதம் இது கிடையாது. ஒருநாள் சாவி பற்றிக் கேட்கக் கூப்பிட்டவர், வைக்காமல் பேசிக்கொண்டே வந்தார். அதிலிருந்து தினமும். அவரைச் சுற்றி ஆட்கள் கத்துவார்கள், யாராவது பஜனை பாடுவார்கள், "அரே பாய், அந்தர் சலோ" என்று உள்ளே நெருக்குவார்கள். அதற்கு நடுவில் அவர் உரக்கப் பேசுவார். எந்த வீட்டில் எந்தப் பெட்டிக்குள் புறா கூடு கட்டியிருந்தது, எந்தக் கிழவர் ஏசி வேண்டாம் என்று மருமகளோடு சண்டை போட்டார், எல்லாம். நான் போனைத் தோளில் இடுக்கிக்கொண்டு வெங்காயம் நறுக்குவேன். சிரிப்பேன். சில நாள் நானும் அலுவலகக் கதை சொல்வேன். அவர் அதைப் பக்கத்தில் நிற்கும் யாருக்கோ திருப்பிச் சொல்வதும் கேட்கும்.

நேற்றும் அப்படித்தான். ஒரு வீட்டம்மா, ஏசியிலிருந்து வரும் காற்றில் பக்கத்து வீட்டு மீன் வாசம் அடிக்கிறது என்று சண்டைக்கு நின்றார்களாம். கதை நல்ல இடத்துக்கு வந்தபோது, "ஸ்டேஷன் வந்துட்டு, வைக்கேன்" என்றார். நான் சோற்றை எடுத்துவைத்துவிட்டுக் காத்திருந்தேன். ஸ்டேஷனிலிருந்து பன்னிரண்டு நிமிட நடை. மணி அடித்தது, கதவைத் திறந்தேன். உள்ளே வந்து கால் கழுவிவிட்டுத் தட்டின் முன்னால் உட்கார்ந்தார்.

"அப்புறம் அந்த அம்மா என்ன சொன்னாங்க?" என்று கேட்டேன்.

அவர் கூடத்தை ஒரு சுற்றுப் பார்த்தார். குரல் தாழ்ந்துவிட்டது.

"அவ்ளோதான்" என்றார். "அதான் சொல்லிட்டேன்ல."